பின்வரிசைக்காரன்

இன்னிசை நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கச் செல்லும் இரசிகர்களின் கண்கள் முதலிலே பாடகரை நாடும். பாடகர் இளைப்பாறும் வேளையில் கீபோர்ட் வாசிப்பவரின் விரல்களை நாடும். டிரம்ஸ்காரர் தலைமயிர் பறக்க அடிக்கத் தொடங்கினாலோ சிறுவர்களின் பார்வை அவரை விட்டு அகலாது. இவர்களுக்கெல்லாம் பின்னே, டிரம்ஸுக்கு அருகிலே, நீண்ட கழுத்துள்ள கிற்றார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு அதிகம் அசையாமல் நிற்கும் ஒருவரை நீங்கள் கண்டிருக்கலாம், காணாமலும் விட்டிருக்கலாம். அவர் வாசிப்பது பேஸ் கிற்றார். 2010ஆம் ஆண்டு தொடக்கம், வார இறுதிகளிலும் திருவிழாக் காலங்களிலும் அந்த இடத்தில் நின்று வருபவன் நான். மற்ற நாட்களில் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றிலே உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன்.

“மாஸ்ரர், உங்கட கிற்றாரிலை ரெண்டு கம்பி அறுந்து போச்சோ?” என்று கலியாண வீடுகளிலே என்னைக் கேட்டவர்கள் பலர். சாதாரண கிற்றாருக்கு ஆறு கம்பிகள், பேஸுக்கு நான்கே. அந்த நான்கும் சாதாரண கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளிலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பவை. அவற்றுள் மிகத் தடித்தது அங்குலத்தின் பத்தில் ஒரு பங்கு தடிப்புடையது. திறந்தபடி அதை மீட்டினால் செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அந்த ஒலியைக் காது கேட்பதிலும் பார்க்க நெஞ்சு உணர்வதே அதிகம்.

இந்த வாத்தியத்தின் மேல் எனக்கு ஆசை பிறந்த வரலாறு சற்று விநோதமானது. 1990ஆம் ஆண்டிலே போர் மீண்டும் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. அக்காலத்திலே நம்மவர் செய்த உபாயங்களுள் ஒன்று வாசகர்கள் பலருக்கு நினைவிருக்கும். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்திலே வானொலி கேட்போம். அண்ணர் சுற்ற நான் கேட்பேன். நான் சுற்ற அண்ணர் கேட்பார். சுற்றுபவரின் கை களைத்தால் பாடகரின் குரலும் களைத்துவிடும். இளையராஜாவின் பாடல்கள் அனைத்தும் அவ்வாறுதான் எனக்கு மனப்பாடமாயின.

போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ9 பாதை திறக்கப்பட்ட 2002ஆம் ஆண்டிலே நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றேன். விடுதியில் மட்டக்களப்பைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒருநாள் மாலை அவர் ஒரு பாட்டைப் போட்டார். சிறுவயதிலிருந்தே நூறு முறை கேட்ட பாட்டு அது. ஆயினும் அதற்குள்ளே, அடியிலே, இன்னொரு பாட்டு தன் வழியில் ஓடிக்கொண்டிருப்பதை அன்றுதான் கேட்டேன். பல்லவியைத் தாங்கியும், சரணத்திலே சற்று விலகி நடந்தும், மீண்டும் பல்லவியின் வாயிலில் வந்து காத்து நின்றும் அது செய்த வேலையைக் கேட்டு வியந்து போனேன். அந்தக் காலத்துச் சென்னை ஒலிப்பதிவுகளில் இளையராஜாவுக்குப் பேஸ் வாசித்த சசிதரன் என்பவரின் பெயரை அன்றுதான் அறிந்தேன்.

பௌதிகவியல் மாணவன் ஆதலின் காரணம் விளங்கப் பல நாள் செல்லவில்லை. எங்கள் வானொலியின் ஒலிபெருக்கி ஒருவர் உள்ளங்கையில் அடங்கக்கூடியது. தாழ்ந்த சுரங்களை எழுப்புவதற்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அவ்வளவு சிறிய கூம்பினால் அது இயலாது. பன்னிரண்டு வருடங்களாக நான் கேட்டவை, வீட்டின் கூரையும் சாளரமும். அத்திவாரத்தை நான் கேட்டதேயில்லை. அந்த நண்பரிடமே ஒரு பழைய பேஸும் இருந்தது. விரிவுரைகளுக்குப் பிந்திய நேரமெல்லாம் அதனோடு கழிந்தது.

வாத்தியத்தின் கதையும் அறியத்தக்கதே. மேலைநாட்டு இசைக்குழுக்களிலே முன்னர் இந்தப் பணியைச் செய்தது டபுள் பேஸ் எனும் வாத்தியம். அது ஓராள் உயரமானது. கொண்டு திரிவது பெரும்பாடு. பித்தளை வாத்தியங்கள் முழங்கத் தொடங்கினால் அதன் ஒலி அமுங்கிப் போகும். கலிபோர்னியாவிலே வானொலி திருத்தும் கடை வைத்துத் தொழில் தொடங்கிய லியோ ஃபெண்டர் என்பவர், 1951ஆம் ஆண்டிலே கிற்றாரைப் போலத் தோளில் மாட்டக்கூடிய மின் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணையிற் போல அதிலே மெட்டுக்கள் இருந்தமையாற் சுரங்கள் பிசகாமல் விழுந்தன. அதனாலேயே ‘பிரிசிஷன்’, அதாவது துல்லியம், என்று அதற்குப் பெயர் வைத்தார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது இதிலுள்ள வேடிக்கை.

என்னுடையது கொழும்பிலே ஒருவர் பாவித்து விற்ற ஜப்பானிய பேஸ். ஆசிரியனாகி வாங்கிய முதல் மூன்று மாதச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து வாங்கினேன். கம்பிகளின் அதிரும் நீளம் 34 அங்குலம். பாரம் நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூட. நான்கு மணி நேரம் இடத்தோளில் தொங்கினால் அதன் பாரம் நாற்பது கிலோவாகத் தோன்றும். ஆகையால் அகலமான தோற்பட்டி ஒன்றைச் செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்வித்துக்கொண்டேன்.

கம்பிகள் விலை கூடியவை. நமது வெயிலும் வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து சில மாதங்களில் அவற்றின் ஒலியை மழுங்கடித்துவிடும். சுற்றுக் கம்பியின் இடுக்குகளில் அழுக்குப் படிவதே இதற்குக் காரணம். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, கொதிநீரிலே பத்து நிமிடம் அவிய விட்டு, ஈரம் போகத் துடைத்து உலர்த்தினால் இன்னும் சில நிகழ்ச்சிகளுக்கு உயிர் பெறும். முதல் முறை நான் இதைச் செய்தபோது என் தாயார் அடுப்படிக்கு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார். “மோனை, இதுக்கு உப்புப் போடுறேல்லையோ?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். என் சங்கீத வாழ்வைப் பற்றி அவர் கூறிய ஒரே விமர்சனம் அதுதான்.

மேடை அனுபவங்களைப் பற்றிச் சொல்வதானால், முதலிற் சொல்ல வேண்டியது மின்சாரத்தைப் பற்றியே. கோயில் வீதிகளில் மேடை போடும்போது பெரும்பாலும் மின்பிறப்பாக்கியிலிருந்துதான் மின்சாரம் வரும். அதற்குச் சரியான புவித்தொடுப்பு இருப்பது அருமை. கிற்றாரின் கம்பிகள் பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு தொடுக்கப்பட்டவை; ஒலிவாங்கியோ வேறொரு கருவியோடு தொடுக்கப்பட்டது. இரண்டிலொன்று பிழையாக இருந்தால், கம்பியிற் கை வைத்தபடி ஒலிவாங்கியில் உதடு படும் கணத்தில் மின்சாரம் உடலினூடாகப் பாயும். பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்திலே எனக்கு அப்படி நேர்ந்து, ஒரு பாட்டு முழுவதும் நாக்கு மரத்துப் போயிருந்தது. அன்று முதல் மின்சோதிப்பான் ஒன்று என் சட்டைப் பையை விட்டுப் பிரிவதில்லை. இசைக்குழுக்களிலே சேரும் பிள்ளைகளின் பெற்றோர், அவர்களுக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டியது இதுவே.

அடுத்தது இடம். நான் மேலே சொன்ன தடித்த கம்பியின் ஒலியலை ஏறத்தாழ 27 அடி நீளமானது. கலியாண மண்டபத்திலே அது சுவரிற்பட்டுத் திரும்பி, வரும் அலையோடு மோதும். அதனால் ஒரு வரிசையில் இருப்பவர்க்கு இடிபோலக் கேட்பது, இரண்டு வரிசை தள்ளி இருப்பவர்க்குக் கேளாமலே போகும். கோயில் வீதியில் சுவரே இல்லை. அங்கே ஒலி நாலு திசையும் பரந்து கரைந்துவிடும். பாடகரின் துணைக்கு வரும் கிற்றாருக்கு ஐம்பது உவாற்றுப் பெருக்கி போதுமாயிருக்கும் இடத்திலே பேஸுக்கு முந்நூறு உவாற்றும் பற்றாது. ஆகவே வானில் ஏற்றும் பொருட்களிலே ஆகப் பாரமான பெட்டி எப்போதும் என்னுடையது. அதைத் தூக்க மற்றவர்கள் முகம் சுளிக்காமல் வந்து கைகொடுப்பது என் பாக்கியம்.

பூங்காவனத் திருவிழாவன்று இரவு பத்து மணிக்கு ஏறினால் இறங்கப் பின்னிரவு ஆகிவிடும். பக்திப் பாடல்களில் தொடங்கி, பழைய சினிமாப் பாடல்களுக்கு வந்து, நடுநிசியை அண்டும்போது ‘சிலோன் மனோகர்’ எனப் பெயர்பெற்ற, 2018ஆம் ஆண்டிலே மறைந்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யிலே நிகழ்ச்சி உச்சத்தை அடையும். அந்தப் பைலாத் தாளத்திலே டிரம்ஸும் பேஸும் ஒன்றையொன்று விடாமற் பிடித்துக்கொண்டு ஓடினாற்றான் கால்கள் தாமாக எழும். மறுநாட் காலை ஏழரை மணிக்கு நான் பாடசாலையில் நிற்க வேண்டும். மாணவர்கள் என் கண்களைப் பார்த்தே எந்தக் கோயிலிலே திருவிழா என்று சொல்லிவிடுவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்திலேதான் 2020, 2021ஆம் ஆண்டுகளில் நோய்த்தொற்று நிகழ்ச்சிகளை நிறுத்தியது. அதன் பின் 2022 வந்தது. அவ்வாண்டு பங்குனி முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. எரிபொருளுக்குக் கிலோமீற்றர்க் கணக்கில் வரிசை. நிகழ்ச்சிகள் மீண்டபோது வானுக்குக் கொடுக்கும் வாடகை முன்னையதிலும் பன்மடங்காகியிருந்தது. அழைப்பவர்கள் கொடுக்கும் தொகையோ அவ்வளவு உயரவில்லை. ஒருநாள் குழுத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் ஆறும் வரை பேசாதிருந்துவிட்டு, “மாஸ்ரர், குறை நினையாதேங்கோ. பேஸைக் கீபோர்ட்டின்ரை இடக்கையாலை சமாளிக்கலாம் போலை கிடக்கு. உங்களுக்கு அரசாங்கச் சம்பளமும் இருக்குது” என்றார். அவர் சொன்னதிலே பொய் ஒன்றுமில்லை. ஐந்து குடும்பங்களின் அரிசிப் பானையை நினைத்துப் பேசிய மனிதர் அவர். சரி என்று சொல்லி அனுப்பினேன். பணத்துக்காக நான் வருந்தவில்லை. என்னை எடுத்துவிட்டாலும் கட்டடம் நிற்கும் என்று அவர் கருதியதே நெஞ்சில் தைத்தது.

நான் இல்லாத முதல் நிகழ்ச்சிக்கு மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய் மணலில் இருந்து கேட்டேன். யாராவது ஒருவர், “பேஸ் எங்கே?” என்று கேட்பார் என என் மனம் உள்ளூர எதிர்பார்த்தது உண்மை. ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டல் வழமைபோல எழுந்தது. ‘சுராங்கனி’க்குச் சிறுவர்கள் வழமைபோல ஆடினார்கள். கீபோர்ட்டின் இடக்கை தன்னால் இயன்றதைச் செய்தது. ஆனால் பாட்டுகள் ஒவ்வொன்றும் தொடங்கிய வேகத்திலும் கூடிய வேகத்தில் முடிவதை நான் கவனித்தேன். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி அடிக்கடி தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒரு வெறுங் கதிரை இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வியர்வையைத் துடைத்தபடி நாங்கள் இருந்த இடத்துக்கு வந்தார். பகலிலே வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்து பிழைப்பவர்; இரண்டு பிள்ளைகளின் தகப்பன். “மாஸ்ரர், சாயிறதுக்கு ஒரு சுவர் இல்லாமல் நிண்ட மாதிரிக் கிடந்தது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் அவர் தலைவரிடம் போய், தம்முடைய கூலியிற் பாதியைக் குறைத்துக்கொண்டு என்னைத் திரும்ப அழைக்கும்படி சொல்லியிருக்கிறார். தலைவர் அதற்கு உடன்படவில்லை. மற்றவர்களையும் கூட்டிப் பேசி, ஐவர் பங்கை அறுவர் பிரிப்பது என்று முடிவு செய்தார். நான் மறுத்துப் பார்த்தேன். கூலி வேண்டாம், வந்து வாசிக்கிறேன் என்றேன். “சும்மா வாசிக்கிறவரை நேரத்துக்கு வரச்சொல்லிக் கேக்கேலாது, மாஸ்ரர்” என்று தலைவர் சிரித்தார். இன்று எனக்குக் கிடைக்கும் பங்கு முன்னையதிலும் சிறியது. ஆனால் ஐந்து பேர் தத்தம் பங்கிலிருந்து கிள்ளித் தந்தது அது.

அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரிலே ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர் இருந்தார். 1960களிலே மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்தவர். வலக்கையின் ஒரே விரலினால் மீட்டுவார். கம்பியை அறுந்தாலன்றி மாற்றமாட்டார் என்பர். உலகம் முழுவதும் அவரது வாசிப்புக்கு ஆடியது. ஆயினும் அந்நிறுவனத்தின் இசைத்தட்டு உறைகளிலே நெடுங்காலம் அவரது பெயர் இல்லை. மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்று 1971ஆம் ஆண்டில் வெளிவந்தபோதே அது அச்சேறியது. 1983ஆம் ஆண்டிலே, 47 வயதில் அவர் காலமானார். அவரோடு ஒரே அறையிலிருந்து வாசித்தவர்களுக்கோ அவர் யார் என்பது முதல் நாளே தெரிந்திருந்தது.

பின்வரிசையிலே நிற்பவனுக்கு உலகம் தரும் புகழ் சிறிது. அதை எண்ணி அவன் ஏங்கத் தேவையில்லை என்பதை அந்த வெறுங் கதிரை எனக்குக் கற்றுத் தந்தது. அவன் வாசிப்பதைச் சபை கேளாவிட்டாலும் பக்கத்தில் நிற்பவன் கேட்கிறான். அவன் கேட்பதால் மற்றெல்லாம் நேராக நிற்கின்றன. வாசகர்களிடம் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ இன்னிசை கேட்கும்போது, ஒரு பாட்டுக்கு மட்டும் பாடகரை விட்டுவிட்டு, அடியிலே நடக்கும் அந்த ஒலியைப் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் அது அகப்படாது. இரண்டாம் சரணத்துக்குள் நிச்சயம் அகப்படும்.