அண்ணனை அறிந்த ஊர்

தோட்டத்தை நினைத்து ஏங்குகிறேன் என்று சொன்னால் அம்மா சிரிப்பார். "அட்டைக் கடிக்கும் பொதுக் கக்கூசுக்குமா ஏங்குற? பெரட்டுல ஒரு நாள் நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்." நியாயம்தான். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, போய், மழை இறங்குவதற்குள் மங்கில் வடிந்த ரப்பர்ப் பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். நான் அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், அவ்வளவுதான். உழைக்காதவனுக்கு ஏக்கம் சுலபமாக வரும்.

அண்ணனின் ஏக்கம் அப்படிப்பட்டதல்ல. அவரும் அங்கே உழைத்தவர். அவர் உடம்பைப் பாழாக்கியதும் அந்த வட்டாரம்தான். அப்படியும் சிரம்பானில் இந்த அடுக்குமாடி வீட்டின் ஜன்னலோரம் உட்கார்ந்து, "தோட்டத்துல இருந்திருந்தா…" என்று தொடங்குவார். பாதி நாள் வாக்கியம் அங்கேயே நின்றுவிடும்.

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் மாவட்டம், சிலாங்கூரின் சிப்பாங்கைத் தொடுகிற ஓரம். அங்கேதான் புக்கிட் பெலாண்டோக். பக்கத்தில் சுங்கை நிப்பா என்ற சீனர் கம்பம், அதாவது கிராமம். அப்போது நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று அது. அதை ஒட்டி எங்கள் தோட்டம். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். காற்று திரும்பினால் பண்ணை வாடை எங்கள் லயத்து வீடுகள் வரை வரும். எங்களுக்கு அது பழகிப்போன வாடை. விருந்தாளிகள்தான் மூக்கைப் பொத்துவார்கள்.

1998, மலேசிய வெள்ளி சரிந்து, டாலருக்கு 3.80 என்று அரசாங்கம் கட்டிப்போட்ட வருடம். அதே ஆண்டு ஜூனில் சிப்பாங்கில் புது விமான நிலையம் திறந்தது. தலைக்கு மேலே உலகம் பறந்துகொண்டிருந்தது, கீழே தோட்டத்துச் சம்பளம் கைக்கும் வாய்க்கும் எட்டவில்லை. தோட்ட வேலை முடிந்ததும் அண்ணன் ஒரு தவுக்கேயின் (சீன முதலாளி) பன்றிப் பண்ணைக்குப் போவார். கொட்டகை கழுவுவது, தீனி வைப்பது, குட்டி போடும்போது பக்கத்தில் நிற்பது. மாலை வேலைக்குக் கையில் காசு. அந்தக் காசில்தான் வீட்டுக்கு முதல் கலர் டிவி வந்தது.

பண்ணைகளில் பழமரங்கள் நிற்பது வழக்கம். அணில் கடித்த கொய்யாதான் அதிகம் இனிக்கும் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ராத்திரியில் பழந்தின்னி வௌவால் வந்து கடித்துப் போட்டதையும் விடமாட்டோம், அந்தப் பக்கத்தைச் சீவிவிட்டுத் தின்போம். பின்னாளில் ஆய்வாளர்கள், அண்ணனை வீழ்த்திய நோய் வந்த வழியென்று ஈப்போ பக்கத்துப் பண்ணையைச் சுட்டிக்காட்டிச் சொன்ன கதை இது: கொட்டகையை ஒட்டிய மரங்களில் வௌவால்கள் தின்று போட்ட பழங்களின் மிச்சம் பன்றிகளுக்குள் போயிருக்கிறது. கிருமி பன்றியிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து அதைத் தொட்டுப் பிழைத்த மனிதர்களுக்கும் தாவியிருக்கிறது. அந்தப் பழத்தின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ பக்கம் தொடங்கிய காய்ச்சல், பன்றிகளை லாரியில் ஏற்றி விற்ற வழியிலேயே தெற்கே இறங்கியது. 1999 தொடக்கத்தில் எங்கள் பக்கம் வந்துவிட்டது. பண்ணைகளில் பன்றிகள் இருமின. குரைப்பது மாதிரியான இருமல், தூரத்திலிருந்தே கேட்கும். சுகாதார இலாகா இதைக் கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அண்ணனும் கையை நீட்டிப் போட்டுக்கொண்டவர்தான். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசு கடிப்பதில் ஆள் பார்க்காது, இந்தக் காய்ச்சலோ பன்றிக் கொட்டகைக்குப் போகிறவர்களாகப் பார்த்துப் பிடித்தது. பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் படுத்தார்கள். தோட்டத்து ஜனங்கள் இதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டு பேசினார்கள். தோட்டத்துப் பேச்சை எந்த அறிக்கையில் எழுதுவார்கள்?

மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் என்ற மருத்துவர், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியில் அதுவரை யாரும் காணாத ஒரு வைரஸைக் கண்டார். அதை அமெரிக்க ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் உறுதி செய்தார்கள். வைரஸுக்குக் கம்பத்தின் பெயரையே வைத்தார்கள். ராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று குழிகளில் போட்டார்கள். மலேசியாவில் 265 பேருக்கு மூளைக்காய்ச்சல், 105 பேர் மரணம் என்பது கணக்கு. பெரும்பாலானவர்கள் சீனர்கள். எங்களைப் போலப் பண்ணை வேலைக்குப் போன தமிழர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சிப்பாங்கில் முதல் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்கு உலகம் வந்து இறங்கியது.

அண்ணன் அந்த 105-இல் ஒருவரல்ல. காய்ச்சலும் தலைவலியுமாகத் தொடங்கியது, பிறகு ஓயாத தூக்கம். கழுத்தும் வயிறும் வெட்டி வெட்டி இழுத்ததை அம்மாதான் முதலில் பார்த்தார். சாமி வருகிறதோ என்று பயந்தாராம். சிரம்பான் ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சு. கண் திறந்தபோது அம்மாவை அடையாளம் தெரிந்தது. "டூட்டிக்கு நேரமாச்சு" என்றார். வீடே அழுது சிரித்தது. பிழைத்துவிட்டார், இனிமேல் ஒன்றுமில்லை என்று நினைத்தோம்.

இந்த நோயின் குணமே வேறு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2002-இல் எழுதியிருக்கிறார்கள்: மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்தவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கு மாதங்கள் கழித்துத் திரும்பவும் மூளையில் நோய் தலைகாட்டியது. முதலில் லேசான காய்ச்சலோடு போனவர்கள், எதுவுமே தெரியாதிருந்தவர்கள் ஆகியோரிலும் 3.4 விழுக்காட்டினருக்குத் தாமதமாக வந்தது. பதினொரு ஆண்டு கழித்துப் படுத்தவரும் உண்டு என்று பின்னாளில் தெரிந்தது. ஸ்கேன் படத்தில் மூளையெங்கும் வெள்ளைப் புள்ளிகள். அண்ணனுக்குத் திரும்ப வந்தது சாப்பாட்டு நேரத்தில். கை தட்டில் இருக்க, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதிலிருந்து இன்றுவரை வலிப்பு மாத்திரை, காலை இரவு. ரத்தச் சோதனை, ஸ்கேன், தேதி அட்டை, நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் நாற்காலி. அவரிடம் ஓகேயு (மாற்றுத் திறனாளி) கார்டு இருக்கிறது. கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. அது விட்டுப்போனதைக் கட்டி வைக்கத்தான் மருந்து.

வலிப்பைவிட அவரைத் தின்பது அசதி. படுத்து எழுந்தாலும் தீராதது. சொல் தொண்டை வரை வந்து நிற்கும். நேற்று நடந்தது தங்காது. கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று அழுகை வரும். வெளியே பார்த்தால் ஆள் திடமாக இருப்பார். அதனால் பஸ்ஸில் உட்கார இடம் கேட்டால் முறைப்பார்கள்.

எங்கள் பக்கத்துக் கம்பத்தைப் போலவே ஒரு நோய்க்குப் பெயர் கொடுத்த ஊர் இன்னொன்று உண்டு: அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூர். அங்கே 1970-களில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மூட்டு வீங்கிக்கொண்டே இருந்தது. பாலி மர்ரி என்ற தாய் தன் வீட்டு நோய்களைக் குறித்து வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் கணக்கெடுத்து, 1975-இல் சுகாதாரத் துறையின் கதவைத் தட்டினார். 1982-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர், உண்ணிகளின் உடலில் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டதாக அறிவித்தார். சில வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் அசதியும் வலியும் மூளை மந்தமும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விடுவதில்லை. அதை நாட்பட்ட லைம் என்று நோயாளிகள் சொல்ல, கிருமிதான் போய்விட்டதே என்று பல மருத்துவர்கள் சொல்ல, சண்டை ஓயவில்லை. நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அந்த நோயாளிகள் எழுதியதை வாசித்தபோது அண்ணனின் நாட்குறிப்பைப் படிக்கிற மாதிரி இருந்தது. கிருமி வேறு, வந்த வழி வேறு. உட்கார்ந்திருக்கிற நாற்காலி ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு ஒன்று மிச்சமிருக்கிறது: லைம் ஊர் அப்படியே நிற்கிறது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் காய்ச்சல் பரவி, நோயாளியைப் பார்த்துக்கொண்ட லினி என்ற செவிலியர் இறந்தபோது, தமிழ்ச் செய்தியில் ஓயாமல் "நிபா, நிபா" என்றார்கள். அண்ணன் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம ஊரைப் பத்தி என்னடா சொல்றாங்க?"

நான் விளக்கினேன். அவர் கவனித்துக் கேட்டுவிட்டு, "அங்க மருந்து குடுக்குற டிரஸர் வீட்டுக்குப் பின்னால ஒரு ஜம்பு மரம் இருந்துச்சு, அதச் சொல்ல மாட்டாங்களே" என்றார். ஊர்ப் பெயரை நோய்க்கு வைக்காதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எங்கள் பக்கத்துக்கு அது பதினாறு வருடம் தாமதம்.

அந்த வட்டாரத்தில் பன்றி வளர்ப்பைத் தடை செய்துவிட்டார்கள். பண்ணைக்காரர்கள் சிலர் செம்பனைக்கும் டிராகன் பழத்துக்கும் மாறினார்கள். எங்கள் தோட்டம் கைமாறியது. லயங்களைத் தள்ளினார்கள். ஆளுக்கு ஒரு திசை: செனவாங், நீலாய், கிள்ளான், ஜொகூர். கிடைத்த தொகையில் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். தண்ணீர் குழாயில் வருகிறது, கக்கூஸ் வீட்டுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் பக்கம். மருத்துவத்துக்கு இதுதான் நல்ல இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தோட்டத்தில் இருந்திருந்தால் வலிப்பு வந்த ராத்திரிகளில் லாரி தேடி அலைந்திருப்போம்.

ஆனாலும் இந்தக் கட்டடத்தில் அண்ணனைத் தெரிந்தவர் யாருமில்லை. "மூணாவது மாடியில மெதுவாப் பேசுற அங்கிள்" என்று தெரியும். நோய்க்குப் பிறகு வந்த ஆளைத்தான் எல்லாருக்கும் தெரியும். மருந்துக் கடைப் பெண்ணும் லிஃப்டில் வருகிறவர்களும் பாதியில் நிற்கிற அவர் வாக்கியத்தை அன்பாகவே முடித்து வைக்கிறார்கள். முடித்து வைத்தது அவர் சொல்ல வந்ததாக இருக்காது. அவர் தலையாட்டிவிடுவார். நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருந்ததை இடமாற்றம் எடுத்துக்கொண்டதோ என்று எனக்குத் தோன்றும். முந்தைய அவருக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் அந்த லயங்களில் இருந்தவர்கள்தான். அவர்கள் கலைந்ததும் அவர் தனக்குத்தானே ஒரே சாட்சி ஆனார். அந்தச் சாட்சிக்கும் மறதி.

தோட்டத்தில் அவர் பெயர் பூனை. கால்பந்துக் குழுவின் கோல்கீப்பர். மழை பெய்து சேறான திடலில் பாய்ந்து விழுந்து எழுந்தால் கண் மட்டும் தெரியும். அம்மா துணி துவைத்தே அலுத்துப்போனார்.

மாரியம்மன் கோயில் மட்டும் இடம் பெயர்ந்து சாலையோரத்தில் நிற்கிறது. வருடா வருடம் தீமிதிக்குப் பழைய ஆட்கள் வருகிறார்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், வெயிலில் நிற்கக்கூடாது, மாத்திரை நேரம் தவறக்கூடாது என்று டாக்டர் சொன்னதையெல்லாம் அண்ணன் வருடம் முழுவதும் மறந்தாலும், அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பார். மத்தியானமே படுத்துத் தூங்கிவிடுவார். மாத்திரை சட்டைப்பையில். ஒரு முறை கிளினிக் தேதி திருவிழா நாளில் விழுந்தது. தாதியிடம் தானே போய் நின்று மாற்றிக்கொண்டு வந்தார். என்ன விசேஷம் என்று தாதி கேட்டதற்கு, "எங்க டீம் வருது" என்றாராம்.

டீம் என்றால் இப்போது சர்க்கரையில் கால் விரல் இழந்தவர் ஒருவர், பைபாஸ் செய்தவர் ஒருவர், மற்றவர்களுக்குத் தொப்பை. கோயில் பின்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவார்கள். "டேய் பூனை!" என்று சத்தம் கேட்டதும் அண்ணனின் முதுகு நிமிரும். அங்கே அவர் வாக்கியத்தை யாரும் முடித்து வைப்பதில்லை. பூனை என்ன சொல்லப்போகிறது என்று தெரியவேண்டுமே, காத்திருக்கிறார்கள்.

பேச்சு கடைசியில் 1996-இல் பக்கத்துத் தோட்டத்தோடு ஆடிய ஆட்டத்தின் பெனால்ட்டிக்கு வந்து சேரும். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகும் அண்ணனுக்கு அது நினைவிருக்கிறது: தான் இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியில் தட்டிவிட்டதாகச் சொல்கிறார். எங்கள் தோட்டத்துத் தண்டலின் மகன் ஒத்துக்கொள்வதில்லை, வலது பக்கம்தான் என்கிறார். அன்றைக்குப் பந்தை உதைத்த எதிரணிக்காரரும் எங்கள் தோட்டத்தில் பெண் எடுத்தவர் என்பதால் திருவிழாவுக்கு வருவார். ஜொகூரில் லாரி ஓட்டுகிறார். பூனை பந்தைத் தொடவே இல்லை, தான்தான் கம்பத்துக்கு மேலே அடித்துத் தொலைத்ததாக அவர் சொல்ல, எல்லாருமாகச் சேர்ந்து அவரைத் திட்டுகிறார்கள்.