மச்சான் பிடித்த கயிறு

முத்துக் குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும் என்பது தூத்துக்குடிக் கரையோரத்தின் பழைய பேச்சு. தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டானாம்.

உப்பு நீர் உடலை மேலே தள்ளும். அதனால் கனத்த கல்லின் துணையோடு, மூச்சடக்கி இறங்கினார்கள். கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகச் சுருங்கும். ஏறும்போது பழையபடி 6 லிட்டர். அதற்கு மேல் விரியாது.

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் 1961க்குப் பிறகு முத்துக் குளிப்பு நடக்கவில்லை. சங்கு எடுப்பது தொடர்ந்தது. கல்லுக்குப் பதில் படகில் கம்ப்ரசர் வந்தது. குழாய் வழியே காற்று வருகிறது. கணக்கு மாறியது இங்கேதான். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த 6 லிட்டர் காற்று மேலே வந்தால் 12 லிட்டர். மூச்சை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழியும். அப்பனும் பாட்டனும் உயிர் பிழைத்த அதே பழக்கம் பேரனின் உயிரை வாங்கிவிடும்.

ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக ஏறினால் இன்னொரு வினை. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், திறந்த சோடா பாட்டில் போலக் குமிழியிடும். மூட்டுவலியில் தொடங்கி கைகால் விளங்காமல் போவது வரை நேரலாம்.

மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக ஏறுவதுதான் வழி. படகில் இருக்கும் மச்சானுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பதறிப்போய் வேகமாக இழுத்தால், தங்கைக்குத்தான் ஆபத்து.