சர்க்கரைச் சரம்

ஆனி மாதம். எட்டு வயதுப் பையனுக்கு இரண்டு கிலோ கேக். என்ன தீம் வேண்டும் என்று கேட்டேன். "பத்தாயிரம் வாலா" என்றான். சரம் வெடித்து அவன் பார்த்ததில்லை. தாத்தா வீட்டில் ஒட்டியிருந்த பழைய லேபிளில் பார்த்த ஆசை. அவன் அம்மா போகும்போது மெதுவாகச் சொன்னார்: "வெடிக்கிற மாதிரி வேணாங்க. சுத்தி வெச்ச சரமா இருக்கட்டும்." 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து. அந்தப் புகையைப் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

*

கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவுக்கு, அதாவது ஃபாண்டன்டுக்கு, கணக்கு: ஐசிங் சுகர் 1 கிலோ, ஜெலட்டின் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் கால் கப், குளுக்கோஸ் அரை கப், கிளிசரின் ஒன்றரை மேசைக்கரண்டி. இது புத்தகக் கணக்கு. நம் சிவகாசிக்குக் கிளிசரின் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஈரமில்லாத இந்தக் காற்றை நம்பித்தான் 1920களில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து இங்கே தொடங்கினார்கள். தீக்குச்சியைக் காயவைக்கும் காற்று ஃபாண்டன்டையும் விடாது. ஃபேனைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் மேல்தோல் யானைத்தோலாக வெடித்துவிடும். உள்ளங்கையில் டால்டா தடவிப் பிசைய வேண்டும், எடுத்த உருண்டை போக மீதியை உடனே மூட வேண்டும்.

அடியில் ஃபிரெஷ் கிரீம் கூடாது, ஃபாண்டன்ட் கரைந்து வழியும். கனாஷ்தான்: சாக்லேட் மூன்று பங்கு, கிரீம் ஒரு பங்கு.

*

சிவப்பு படுத்துகிறது. வெள்ளை மாவில் நிறம் ஏற்ற ஏற்றக் கசக்கும். முதல் நாள் அடர் ரோஸில் நிறுத்தி, மூடி வைத்தேன். காலையில் தானாகவே இரண்டு படி கூடியிருந்தது.

நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதியுள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைத் தமிழ்நாட்டில் தடை செய்தது ரோடமின்-பி என்ற சாயத்தால். பாட்டிலில் 'நச்சில்லாதது' என்று இருந்தால் போதாது, 'உண்ணத்தக்கது' என்று இருக்க வேண்டும். மினுக்குப் பொடி வாங்கும்போது இதைப் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

*

குட்டி வெடிகள் 240. மாவில் சிஎம்சி பவுடர் கலந்து உருட்டி, காயவைத்து, திரிக்குப் பச்சை இழை சொருகினேன். கோக்க உட்கார்ந்தால் வரவில்லை. ஒன்று ஒட்டினால் இரண்டு விழுகிறது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். இருபது வருடம் வெடி ஆபீஸில் சரம் பின்னியவர். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்ததோடு அவருக்கு அந்த வேலை போனது. இப்போது கிஃப்ட் பாக்ஸ் அடுக்கப் போகிறார்.

"இந்தா, தள்ளு தாயி. வெடியப் பிடிக்காத, திரியப் பிடி."

கையைக் கழுவி வந்து உட்கார்ந்தார். நடுவில் ஒரு நீள இழை, இடம் ஒன்று வலம் ஒன்று, திரியை மட்டும் மடக்கி ஒரு முறுக்கு. சர்க்கரை அறுந்தது. மறுபடி பிசைந்தேன், கிளிசரின் கூட்டினேன். மூன்றாவது தடவை இழை வளைந்து கொடுத்தது. அதன்பிறகு அவர் கையைப் பார்க்கவே இல்லை, என்னோடு பேசிக்கொண்டே பின்னினார். ஆறு வருடமாக நான் யூடியூபில் தேடிய நுணுக்கம் ஒரு சுவர் தள்ளி இருந்திருக்கிறது. கூலி கொடுத்தேன். முதலில் மறுத்தார். வேலை வேலைதான் என்று கையில் வைத்துவிட்டேன்.

*

பையனின் மாமா, பூச்சொரியும் மெழுகுவத்தி ஒன்றை நடுவில் நட வேண்டும் என்றார். ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் மத்தாப்பு மருந்துதான், எரிந்த சாம்பல் நேராகக் கேக்கில் விழும். சாதா மெழுகுவத்தி எட்டு வைத்தேன்.

*

கேக்கைச் சுற்றி மூன்று வரிசைச் சரம். வெட்டியபோது பையன் ஒவ்வொரு வெடியாகப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்தான். அக்காவின் பங்கைக் காகிதத்தில் மடித்து வாங்கி வந்தேன். தின்னவில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எறும்பு வரும் என்றேன். வரட்டும் என்றார்.

*

மீதி: சிவப்பு 200 கிராம், பச்சை 40. காற்றுப் புகாத டப்பாவில் போட்டாயிற்று. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, வியர்த்து நிறம் ஓடும்.

அடுத்த ஆர்டர் ஆடிப்பூரத்துக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர். வடம் திரிக்க அக்காவிடம் இப்போதே நாள் கேட்டு வைக்க வேண்டும்.