தண்ணி திரும்பி வரும், உப்பு எங்க போகும்?



சென்னையில இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்கறாங்க. "உங்க பக்கம் தோல் கம்பெனிங்க இப்பல்லாம் கழிவுத் தண்ணிய வெளிய விடறதில்லையாமே. சுத்தம் பண்ணி அதையே திரும்பப் பயன்படுத்தறாங்களாமே. அப்போ பிரச்சினை தீர்ந்துடுச்சு, இல்லையா?" பாதி தீர்ந்திருக்கு. மீதிப் பாதிய பத்தித்தான் இந்தப் பதிவு.

எங்க மாதனூர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவுல, பாலாறு ஓரமா இருக்கு. இந்தப் பக்கம் நிலத்தை நம்பற வீட்டுலயே ஒருத்தராவது தோலையும் நம்பி இருப்பாங்க. எங்க வீட்டு மருமகளும் ஷூ கம்பெனி பஸ்ஸுலதான் காலையில ஏறிப் போகுது. அதனால கம்பெனிய மூடுன்னு நான் சொல்ல மாட்டேன். கெணறு கெட்டாலும் பரவாயில்லைன்னும் சொல்ல முடியாது.

1996 ஆகஸ்ட் 28-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டத்துல நல்லா ஊனி வெச்ச தீர்ப்பு அது. தோல் தொழில் நடக்கிற பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாவோ முழுசாவோ கெட்டுப்போச்சுன்னு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம் சொன்ன கணக்கும் அதுல இருக்கு. அதுக்கு முன்னயும் பின்னயும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பொது சுத்திகரிப்பு நிலையங்க வந்தது. நாத்தம் குறைஞ்சுது, நுரை குறைஞ்சுது. ஆனா உப்பு குறையலை. அந்த நிலையத்துல அழுக்கைத் தின்னறது நுண்ணுயிர். அது உப்பைத் தின்னாது. அதனாலதான் ஒரு சொட்டும் வெளிய விடாதீங்க, சுத்தி சுத்தி பயன்படுத்துங்கன்னு அடுத்த கட்டம் வந்தது.

எங்க பங்காளி பையன் ஒருத்தன் அந்த மாதிரி நிலையத்துல வேலை பார்க்கறான். அது எப்படி நடக்குதுன்னு அவனைக் கேட்டேன்.

"உங்க ஊட்டு ஆர்.ஓ. மெஷின் மாதிரிதான் பெரியப்பா, ரொம்பப் பெருசு. நாலு பங்கு தண்ணி போனா மூணு பங்கு நல்ல தண்ணியா திரும்பிடும்."

"மீதி ஒரு பங்கு?"

"அதுதான் பெரியப்பா வேலையே."

நகரத்துல உங்க வீட்டு மெஷின்லயும் ஒரு குடம் நல்ல தண்ணிக்கு ரெண்டு மூணு குடம் கழிவுத் தண்ணி சிங்க் வழியா போகும். யாரும் கவனிக்க மாட்டோம். இங்க அதை வெளிய விடக்கூடாது. அதனால விறகோ நிலக்கரியோ எரிச்சு நீராவியில கொதிக்க வைக்கறாங்க. ஒரு கலத்துல வர்ற ஆவியோட சூட்டுலயே அடுத்த கலத்தைக் காய வெச்சு, தண்ணிய முழுசா ஆவியாக்கி, அந்த ஆவியையும் குளிர வெச்சு தண்ணியா புடிச்சுக்கறாங்க. தண்ணி வட்டம் முடிஞ்சுது. கலத்தோட அடியில நிக்கறது உப்பு.

இதைக் கேட்டதும் எனக்கு என் நிலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கெணத்துத் தண்ணியில லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புன்னா 2 கிராம். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணி கட்டினா சுமார் 1 லட்சம் லிட்டர். அதாவது ஒரு தடவை தண்ணி கட்டினா 200 கிலோ உப்பு, நாலு மூட்டை. வெயில் தண்ணிய மட்டும் எடுத்துக்கும், உப்பை வெச்சுட்டுப் போகும். வரப்போரம் வெள்ளையா பூக்கறது அதுதான். இன்னைக்கு நெருப்பு வெச்சு செய்யற வேலைய எங்க நிலம் இத்தனை வருஷமா காசில்லாம செஞ்சிருக்கு. நெல்லு கருகினதும் கரும்பு போனதும் அப்படித்தான். தென்னை மட்டும் தாக்குப்புடிச்சு நிக்குது.

இப்ப அந்த உப்பு நிலையத்துல கொட்டகையில மூட்டையா அடுக்கி வெச்சிருக்குன்னான் பையன். ஏன் விக்கக்கூடாதுன்னு கேட்டேன். அது கலப்பு உப்பு, கூடவே தோலோட அழுக்கு, யாரும் வாங்க மாட்டாங்கன்னான். திரும்பாதது ஒரு இடத்துல சேர்ந்தா என்ன ஆகும்னு நாம பார்த்திருக்கோம். 2015 ஜனவரி 31 விடியறதுக்கு முன்ன ராணிப்பேட்டை சிப்காட்டுல கழிவுத் தொட்டிச் சுவர் இடிஞ்சு, தூங்கிட்டிருந்த 10 தொழிலாளிங்க செத்துப்போனாங்க.

அப்போ வழியே இல்லையா? இருக்கு. திருப்பூரைப் பாருங்க. 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைங்களை மூடச் சொன்ன பிறகு, அங்க தண்ணியோட சாயத்துக்குப் போடற உப்பையும் பிரிச்சு எடுத்து திரும்ப சாயத்துக்கே போடறாங்க. நம்ம தோல்லயும் குரோமுக்கு அந்த வழி உண்டு. குரோம் தண்ணிய மட்டும் தனி வாய்க்கால்ல விட்டு, மெக்னீசியம் ஆக்சைடு போட்டு அடியில படிய வெச்சு, கந்தக அமிலத்துல கரைச்சா மறுபடியும் தோலுக்கே ஆகும். தனியா பிரிச்சு வெச்சது திரும்பும். கலந்துட்டா குப்பைதான். எருவையும் பிளாஸ்டிக்கையும் ஒண்ணா கொட்டின குப்பைக்குழிய பார்த்தவங்களுக்கு இது புரியும்.

உப்பு வர்ற முதல் வழி பச்சைத் தோல். 100 கிலோ தோல் கெடாம இருக்க 30, 40 கிலோ உப்பு தடவி லாரியில வருது. தண்ணியில ஊற வைக்கறதுக்கு முன்ன அதை உதறி எடுத்தா, கொஞ்ச உப்பாவது காய்ஞ்ச உப்பாவே நின்னுடும். அதைக் கொதிக்க வெச்சுப் பிரிக்க விறகு வேணாம். ஆனா உதறவும் கூலி ஆகும், நேரம் ஆகும். அந்தச் செலவு ஷூ விலையில வரணும், எங்க கெணத்துல வரக்கூடாது.

2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூர் தோல் வழக்குல தீர்ப்பு சொல்லியிருக்கு. நிவாரணம் குடுங்க, கண்காணிக்க ஒரு குழு போடுங்கன்னு சொல்லியிருக்கு. முதல் தீர்ப்புக்கும் இதுக்கும் 28 வருஷம் இடைவெளி. அந்த 28 வருஷமும் இங்க உழுதவங்க காத்திருந்தாங்க.

2021 நவம்பர்ல பாலாறு கரைபுரண்டு ஓடினப்போ எங்க கெணத்துத் தண்ணியில டீ போட்டுக் குடிச்சோம். கொஞ்ச நாளைக்குத்தான், ஆனா குடிச்சோம். புது உப்பு சேராம இருந்தா, மழை பழைய உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா கழுவிடும்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். அதனால, ஒரு சொட்டும் வெளிய போகலைன்னு யாராவது உங்ககிட்ட பெருமையா சொன்னா சந்தோஷப்படுங்க. அப்படியே இன்னொண்ணும் கேளுங்க: உப்பு எங்க இருக்கு?