இளவரசர் விட்டுப்போன காடு

ஹைதராபாத்தின் பணக்கார மேட்டில் சுமார் 390 ஏக்கர் புதர்க்காடு. அதைச் சுற்றி நடப்பவர்கள் ஒரு பக்கம். சாலை கேட்பவர்கள் மறுபக்கம்.

விடிந்தும் விடியாத நேரம். ஜூபிலி ஹில்ஸில் கே.பி.ஆர். பூங்காவின் பிரதான வாசல் எதிரே கார்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சில கார்களின் விலையில் ஒரு தெருவுக்கே வீடு கட்டித் தரலாம். இறங்குபவர்கள் டாக்டர்கள், வக்கீல்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள், எப்போதாவது பக்கத்து ஃபிலிம் நகரிலிருந்து ஒரு தெரிந்த முகம். பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். காசு செலவழிக்க விரும்பாத கூட்டம் வேலிக்கு வெளியே சுற்று நடைபாதையில் விறுவிறுவென்று போகிறது. இரண்டு கூட்டமும் முடிவில் சந்திப்பது ராகி ஜாவா விற்கும் தள்ளுவண்டியில். நம் கேழ்வரகுக் கூழ்தான். ஊர் மாறியதில் பெயரும் மாறிவிட்டது, விலையும்.

பூங்கா என்றதும் ஊற்று, ஊஞ்சல், கத்தரித்த குரோட்டன்ஸ் என்று எதிர்பார்த்து வருபவர் ஏமாந்து போவார். உள்ளே இருப்பது தக்காணப் பீடபூமியின் வறண்ட காடு. செம்மண் பாதை. இருபுறமும் வேம்பு, சீத்தா, முட்புதர், ஆள் உயரத்துக்குக் கோரைப்புல். நடுநடுவே யாரோ அடுக்கி வைத்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் பாறைகள். யாரும் அடுக்கவில்லை, சுமார் 250 கோடி ஆண்டு வயதான கருங்கல்லை மழையும் வெயிலும் உரித்து உருட்டி விட்டவை. பஞ்சாரா ஹில்ஸும் ஜூபிலி ஹில்ஸும் ஒரு காலத்தில் முழுக்க இப்படித்தான் இருந்தன. பங்களாக்களுக்காகப் பெரும்பாலான பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். பழைய நிலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வேலிக்குள்தான் வர வேண்டும்.

மழைக்காலம்தான் இங்கே நடக்கச் சரியான நேரம். ஜூன் பாதியில் முதல் மழை இறங்கியதும் பழுப்பு நிறமெல்லாம் ஒரே வாரத்தில் பச்சையாகிறது. தண்ணீர் சரிவுகளில் வழிந்து பாறைத் தாழ்வுகளில் தேங்குகிறது. குட்டை என்று சொல்லலாம். குளம் என்றால் கொஞ்சம் மிகை. ஆனால் நடைப் பாதையின் உயிரே அங்கேதான். கரையில் சத்தமில்லாமல் பத்து நிமிடம் நின்றால் போதும். தவிட்டுக் குருவிக் கூட்டம் சண்டை போட்டுக்கொண்டே வரும். கவுதாரி ஒன்று புதரிலிருந்து எட்டிப் பார்க்கும். பிறகு மயில். இந்தப் பூங்காவில் மயிலைப் பார்க்காமல் திரும்புவதுதான் கஷ்டம். நடப்பவர்களை அவை மதிப்பதே இல்லை. பாதையின் குறுக்கே நிதானமாகக் கடந்து போகின்றன, வழிவிட வேண்டியது மனிதர்தான்.

கணக்குப் பார்த்தவர்கள் 600-க்கும் மேற்பட்ட தாவர வகைகள், சுமார் 140 வகைப் பறவைகள் என்கிறார்கள். முள்ளம்பன்றி, புனுகுப்பூனை, காட்டுப்பூனை, எறும்புதின்னி ஆகியவையும் பட்டியலில் உண்டு. அவை இரவு ஜீவன்கள். காலை நடைக்கு வருபவர்களின் செல்போன் சம்பாஷணை முடிந்த பிறகே வெளியே வருகின்றன.

இத்தனையும் பிழைத்ததற்குக் காரணம் தொலைநோக்கோ திட்டமோ அல்ல. ஒரு இளவரசரின் விலாசம் மாறியதுதான். காட்டின் நடுவே நிற்கும் சிரான் அரண்மனை 1940-இல் கட்டப்பட்டது. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967-இல் காலமானபோது பட்டம் மகனுக்குப் போகவில்லை; பேரன் முகர்ரம் ஜாவுக்குப் போனது. தாய் துருஷெவர், துருக்கியின் கடைசி கலீபாவின் மகள். பேரனுக்கு தர்பாரைவிட டீசல் என்ஜின்மீதுதான் ஆசை. சிரானில் மோட்டார் வண்டிகளுக்கென்றே கொட்டகைகள், குதிரைக்கும் யானைக்கும் தனித்தனி லாயங்கள். 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. வரியும் வழக்குகளும் வாரிசுகளும் துரத்த, எழுபதுகளில் அவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிற்காலத்தில் துருக்கி. 2023 ஜனவரியில் இஸ்தான்புல்லில் இறந்தவர், அடக்கத்துக்குத்தான் ஹைதராபாத்துக்குத் திரும்பி வந்தார்: சார்மினார் பக்கத்து மெக்கா மசூதிக்கு.

அவர் போன பிறகு எஸ்டேட்டில் பெருக்க ஆளில்லை. காடு தன்பாட்டில் வளர்ந்தது. அதற்குள் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. அரண்மனையும் சில ஏக்கர்களும் குடும்பத்துக்கு, மீதி அரசுக்கு. 1998-இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்து முன்னாள் முதல்வர் காசு பிரம்மானந்த ரெட்டியின் பெயரை வைத்தார்கள். (காசு என்பது குடும்பப் பெயர். தமிழ்க் காதுக்குத்தான் வேறு மாதிரி கேட்கும்.) உச்சவரம்புச் சட்டம் வந்தபோது மத்திய உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவர்தான். 1969-இல் தனித் தெலங்கானா கிளர்ச்சி வெடித்தபோது முதல்வராக இருந்தவரும் அவரே. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பிறகும் தலைநகரின் காடு அவர் பெயரைச் சுமந்துகொண்டிருப்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

சென்னைக்காரர்களுக்கு இது புதுக் கதை அல்ல. கிண்டி தேசியப் பூங்காவும் கவர்னரின் வளாகத்திலிருந்து பிரிந்ததுதான். 1978-இல் அந்த அந்தஸ்து கிடைத்தது. பரப்பும் அதிகம், சுமார் 270 ஹெக்டேர். ஆனால் கிண்டியில் தினம் காலையில் காட்டுக்குள் நடக்க முடியாது; மானைப் பார்க்க வேலி ஓரமோ சிறுவர் பூங்காவோதான். ஹைதராபாத்தில் நடக்கலாம். அந்த உரிமைதான் இந்தக் காட்டுக்குக் காவலர்களைத் தயார் செய்தது. தினம் காலில் மிதிக்கிற மண்ணுக்காக மனிதன் தெருவில் இறங்குவான்.

2016-இல் இறங்கினார்கள். பூங்காவைச் சுற்றியுள்ள சந்திப்புகளில் மேம்பாலங்கள் கட்டத் திட்டம் வந்தது. வேலி ஓர மரங்கள் பல விழ வேண்டியிருந்தது. அரசின் வாதம் லேசானதல்ல. ஹைடெக் சிட்டிக்குப் போகும் வண்டிகள் எல்லாம் இந்தச் சந்திப்புகளில்தான் மாட்டிக்கொள்கின்றன. எதிரே பசவதாரகம் புற்றுநோய் மருத்துவமனை. அந்த நெரிசலில் நோயாளிகளும்தான் காத்திருக்க வேண்டும். நடப்பவர்களோ மனிதச் சங்கிலி அமைத்தார்கள், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சென்னையில் உள்ள அதன் தென் மண்டல அமர்வு மரம் வெட்டத் தடை போட்டது.

பிறகு சண்டை மீட்டர் கணக்கில் நடந்தது. ஒவ்வொரு தேசியப் பூங்காவைச் சுற்றியும் சூழல் உணர்திறன் மண்டலம் ஒன்று வேண்டும் என்பது விதி. 2020 அக்டோபரில் மத்திய அரசு கே.பி.ஆருக்கு அதை அறிவித்தது: குறைந்தபட்சம் 3 மீட்டர், அதிகபட்சம் 29.8 மீட்டர். மூன்று மீட்டரில் வாசலில் நிற்கும் ஒரு காரைக்கூட நீளவாக்கில் நிறுத்த முடியாது. நகரத்தின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் கேட்க முடியாது என்பது நியாயம்தான், அதற்காக இப்படியா?

2024 டிசம்பரில் ஆட்சி மாறியிருந்தது, திட்டம் மாறவில்லை. பூங்காவைச் சுற்றி ஆறு சந்திப்புகளில் மேம்பாலங்களும் சுரங்கப் பாதைகளும், 826 கோடி ரூபாய் மதிப்பில் என்று அடிக்கல் நாட்டப்பட்டது. மீண்டும் பதாகைகள், மீண்டும் மனுக்கள், இம்முறை உயர் நீதிமன்றத்தில். நகரத்தின் மேற்கில் இன்னொரு காடும் அதே மாதங்களில் சந்திக்கு வந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபவுலியில், 400 ஏக்கர் நிலத்தில் 2025 மார்ச் கடைசியில் இரவும் பகலும் புல்டோசர்கள் ஓடின. மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டு நிறுத்தியது. அதற்குள் விழ வேண்டிய மரங்கள் விழுந்துவிட்டன.

கே.பி.ஆரில் நடப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தவர்கள். இப்போது அவர்கள் பேச்சில் சர்க்கரை அளவும் ரியல் எஸ்டேட்டும் மட்டுமில்லை, வழக்கு நம்பரும் வருகிறது. அந்த ரியல் எஸ்டேட்டில் பணம் பண்ணியவர்களும் அவர்களில் உண்டு என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. இந்தக் காட்டைப் பார்க்கிற பால்கனி என்றால் அடுக்குமாடி வீட்டுக்கு விலை கூடும்.

மாலை நடை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இருட்டுவதற்கு முன்பே காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு பாதைகளில் வருகிறார்கள். கடைசி ஆட்கள் வேண்டா வெறுப்பாக வாசலை நோக்கித் திரும்புகிறார்கள். வெளியே சிக்னலில் வண்டிகள் குவிந்து ஹாரன் அடிக்கின்றன. வேலிக்கு உள்ளே எங்கோ ஒரு பாறை உச்சியிலிருந்து மயில் அகவுகிறது. பதிலுக்கு இன்னொன்று. சிக்னல் பச்சையாகிறது, கொஞ்ச நேரத்துக்கு ஹாரன் சத்தம் மட்டும்.