ஓலை முடி சூடிய மணமகள்



கடந்த பள்ளி விடுமுறையில் கேரித் தீவில் ஒரு திருமணத்திற்குச் சென்று வந்தேன். மணமகள் என் தோழி. மா மெரி இனத்தைச் சேர்ந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு வந்து, மாணவர்களுக்கு நீப்பா ஓலையில் பூவும் பறவையும் முடையக் கற்றுக் கொடுத்தார். நம் வீட்டுத் தென்னங்குருத்துத் தோரணத்தை நான் செய்து காட்டினேன். அன்று தொடங்கியது எங்கள் நட்பு.

கேரித் தீவை லங்காட் ஆறு நிலப்பகுதியிலிருந்து பிரிக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் தோட்டம் அமைத்த எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயரின் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது. முதலில் ரப்பர், பின்னர் செம்பனை. அந்தத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்களுள் நம்மவர் பலர். ஆயினும் தோட்டம் தோன்றுவதற்கு முன்பிருந்தே இம்மண்ணில் வாழ்பவர்கள் மா மெரி மக்கள். தீபகற்ப மலேசியாவின் 18 பூர்வகுடிப் பிரிவுகளுள் அவர்களும் ஒருவர். அவர்களது மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கம்போடியாவின் கெமர் மொழியும் இந்தியாவின் சந்தாலி, முண்டாரி மொழிகளும் அதற்குத் தொலைதூர உறவுகள் என்றால் வியப்பாக இல்லையா?

திருமணத்திற்கு இரண்டு நாள் முன்னரே தோழியின் வீட்டு முற்றத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஓலை முடைந்துகொண்டிருந்தனர். நெற்றிப் பட்டம், மார்புக் கச்சை, தொங்கல்கள், தோரணம் எல்லாமே ஓலைதான். ஆடுபவர்களின் பாவாடை, தெராப் மரத்தின் பட்டையை அடித்துப் பதப்படுத்திச் செய்தது. கடையில் வாங்கிய பூ ஒன்றுகூட அங்கில்லை.

முற்றத்தின் நடுவே ‘பூசுட்’ எனப்படும் கூம்பு வடிவ மண்மேடு. அது முன்னோர் உறையும் மலையின் அடையாளம். சாம்பிராணிப் புகையிட்டு ‘மோயாங்’ என்னும் மூதாதையரிடம் பெரியவர் ஒருவர் முதலில் அனுமதி கேட்டார். பின்னர் மத்தளமும் தாவாக்கும் வயலினும் ஒலிக்க, பெண்கள் ‘துந்தோக்’ மூங்கில்களைத் தரையில் தட்டித் தாளமிட, மணமக்கள் அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தனர். நாம் அக்கினியை வலம் வருவதுதான் என் நினைவுக்கு வந்தது. 1906-ஆம் ஆண்டில் மலாய்த் தீபகற்பப் பழங்குடியினரைப் பற்றி ஸ்கீட், பிளாக்டன் இருவரும் வெளியிட்ட நூலிலும் இம்மக்களின் மண்மேட்டுத் திருமணச் சடங்கு பதிவாகியுள்ளது. நூறாண்டு கடந்தும் அச்சடங்கு உயிரோடிருக்கிறது!

பின்னர் மணமக்களை மேடையில் அமர்த்தி, வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சென்று அரிசி தூவி, நீர் தெளித்து வாழ்த்தினோம். நம் அட்சதையைப் போன்றதே அதுவும். என் முறை வந்தபோது, “சிக்கு, உங்கள் மொழியிலேயே வாழ்த்துங்கள், எங்கள் மோயாங்கிற்கு எல்லா மொழியும் புரியும்” என்றார் தோழி. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்தினேன்.

சட்டத்தில் ஒரு செய்தி உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1.3.1982 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்துக்களாகிய நாம் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவும் செய்தாக வேண்டும். பூர்வகுடியினரோ தங்கள் வழக்கப்படி மணந்துகொள்ளலாம். அச்சட்டத்தின்கீழ் பதிவு செய்வது அவர்கள் விருப்பம். அவர்களின் வழக்காற்றைச் சட்டம் மதிக்கிறது. ஆனால் வழக்காறு வாழ்வதற்குச் சட்டம் மட்டும் போதுமா?

விருந்துக்குப் பிறகு தோழியின் தாயார் சொன்னது என் மனத்தை விட்டு நீங்கவில்லை. “மண்டபக் கல்யாணம் செய்யக் காசு இருந்தால் போதும். எங்கள் கல்யாணத்திற்கு நீப்பா வேண்டும், தெராப் வேண்டும். சதுப்பு நிலம் போய்விட்டால் ஓலைக்கு எங்கே போவோம்?” என்றார். 2017-ஆம் ஆண்டில் இத்தீவில் மாபெரும் துறைமுகம் அமைக்கும் திட்டம் பற்றிய அறிவிப்பு வெளிவந்தபோது, அவர்கள் வீட்டில் பல இரவுகள் இதே பேச்சாக இருந்ததாம். மா மெரி சிற்பிகள் செதுக்கும் புகழ்பெற்ற மரச்சிற்பங்களுக்குரிய நீரே பத்து மரமும் அலையாத்திக் காட்டில்தான் வளர்கிறது. காடு அழிந்தால் உணவும் மருந்தும் மட்டுமல்ல, சடங்கும் கலையும் சேர்ந்தே அழியும்.

தோட்டத் துண்டாடலின்போது நாமும் இதைக் கண்டோம் அல்லவா? தோட்டம் கைமாறியது, லயங்கள் இடிந்தன, முனியாண்டி கோயிலும் தீமிதித் திடலும் போயின, திருவிழாப் பாட்டை அறிந்த கிழவர்கள் அடுக்குமாடி வீடுகளில் பேச்சற்றுப் போயினர். எனவே அந்தத் தாயின் கேள்வி நமக்கு அந்நியமானதன்று. இடத்தை இழந்தவனுக்குத்தான் இடத்தின் அருமை தெரியும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிள்ளான், பந்திங் வட்டாரப் பள்ளிகளிலிருந்து இத்தீவு தொலைவில் இல்லை. கல்விச் சுற்றுலா என்றாலே கேளிக்கைப் பூங்காவை நாடுகிறோம். ஒருமுறை மாணவர்களைச் சுங்கை பும்பூன் கிராமத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்களோடு அமர்ந்து ஓர் ஓலைப் பூவாவது முடையட்டும். பக்கத்து வீட்டாரை அறியாமல் நன்னெறிப் பாடம் எப்படி முழுமை பெறும்?