மண்ணடுக்கிற் கிடக்கும் பொத்தான்

மேனாட்டுப் பழம் போர்க்களங்களிற் படைவீரரின் சீருடைப் பொத்தான்களைத் தேடிச் சேர்ப்போர் உளர். 1560இல் போர்த்துக்கேயரும் 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய மன்னாரில் அது வெறும் பொழுதுபோக்காக அமைதல் அரிது. (பொத்தான் என்னும் சொல்லே போர்த்துக்கேயர் தந்ததுதான்.) 2018இல் நகரின் சதொச கட்டட நிலத்தில் 300க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என 2019இல் காபன் ஆய்வு கூறிற்று. காணாமற்போனோரின் உறவினர் பலர் அதனை ஏற்றிலர். எலும்பு தன் காலத்தைக் கண்ணுக்குக் காட்டாது. பொத்தானோ, பித்தளையா பிளாத்திக்கா, கையால் வார்த்ததா இயந்திரம் அடித்ததா என ஓரளவேனும் காட்டும். ஆயினும், எந்த எலும்பின் அருகே, எந்த மண்ணடுக்கிற் கிடந்தது என்னும் குறிப்போடு எடுக்கப்பட்டாலன்றி அது சான்றாகாது. தோண்டிச் சட்டைப்பையில் இட்டவனிடம் எஞ்சுவது ஒரு வட்டத்தகடே.